பத்மினி மிஸியும் ‘கண்டேன்’ என்ற கட்டமும்

அந்தச் செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். பேத்தியின் மருந்துக் குளிசையை வாங்குவதற்காக வெள்ளவத்தைக்குத் தனியே போயிருந்தேன். எழுபத்தொரு வயதில் வாசிக்கத் தொடங்கியவனுக்குக் காலி வீதி பெரிய விருந்து. புடவைக்கடை, நகைக்கடை, பல் வைத்தியர் என்று பஸ் யன்னலால் ஒவ்வொரு பலகையாகக் கூட்டிக்கொண்டு சந்தோஷமாகப் போனேன். கிளினிக் ஒழுங்கையின் மதிலில் புதிதாக ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதையும் நான் விடவில்லை. ப, த், மி, னி. தெரிந்த பெயர் என்று சிரித்தபடிதான் வாசித்தேன். மேலே பெரிதாக இருந்த ‘மரண அறிவித்தல்’ என்பதைப் பிறகுதான் கூட்டி முடித்தேன். வேகமாக வாசிப்பவர்களுக்குத் துக்கம் ஒரே அடியாக வரும். எனக்கு எழுத்து எழுத்தாக வந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று பத்மினி மிஸியின் மகன் கேட்டார். சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு அந்தக் கிளினிக் மர வாங்கில் அமர்ந்து காத்திருந்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்து ஓய்வு பெற்றபின்னும், டொக்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசையில் இருந்து நம் பிள்ளைகளின் குளிசைக் கணக்கு அட்டைகளைப் பார்த்தவர். என் வீட்டில் அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

என் மகளின் மகள் துஷானி. கவனம் ஓரிடத்தில் நிற்காது, காலும் நிற்காது. டொக்டர் அதை ஏ.டி.எச்.டி. என்றார். அப்போது அவளுக்குப் பதினாலு வயது. மகள் விடியவே புறக்கோட்டைக் கடைக்கு வேலைக்குப் போய்விடுவாள். ஆகவே காலைக் குளிசை என் பொறுப்பு. கொட்டாஞ்சேனை வீட்டில் நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே குசினியிலிருந்து கேட்பேன்: “குளிசை போட்டாச்சா?” அறையிலிருந்து பதில் வரும்: “போட்டாச்சு அம்மப்பா!” கிளினிக்கில் தந்த அட்டையில் நான் சரி போடுவேன். ஒரு நாளும் தவறவில்லை என்று எனக்குப் பெருமை.

ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து முறைப்பாடு வந்தபடியே இருந்தது. ஒருநாள் பார்க்காமல் வீதிக்குப் பாய்ந்து ஒரு பஸ்ஸின் முன்னால் நின்றாள். சாரதி பிரேக் பிடித்தார், பிள்ளை தப்பியது. அடுத்த சனிக்கிழமை டொக்டர் என் அட்டையைப் பார்த்தார். எல்லாம் சரி. “மருந்து காணாது போல. கொஞ்சம் கூட்டுவம்” என்று பேனையை எடுத்தார்.

“சேர், ஒரு நிமிஷம்” என்றார் மிஸி. அட்டையை என் பக்கம் திருப்பினார். “ஐயா, இந்தக் கட்டத்திலை ‘பிள்ளை விழுங்கியதைக் கண்டேன்’ எண்டு இருக்கு. கண்டனீங்களோ?”

“கேட்டனான் மிஸி.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, வாங்கில் இருந்தவர்களுக்குக் கேட்காமல், “வாசிக்கத் தெரியாதோ ஐயா?” என்றார். கொச்சிக்கடைச் சரக்குக் கிட்டங்கிகளில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கியவன் நான். மூட்டையின் குறி தெரியும், எழுத்துத் தெரியாது. தலையை ஆட்டினேன். அவர் துஷானியின் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, குளிசையை எங்கை போட்டனி?”

“நான் பொய் சொல்லேல்லை மிஸி. போட்டனான்தான்.” அவள் நிலத்தைப் பார்த்தாள். “கற்றாழைச் சாடிக்கை.”

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். சாடிக்குள் போன குளிசைக்காக இவளுக்கு மருந்தைக் கூட்டப் பார்த்தோமே! அந்தப் பயத்தில் கையை ஓங்கிவிட்டேன். “கையை இறக்குங்கோ ஐயா,” என்றார் மிஸி. “பிள்ளை இண்டைக்குத்தான் உண்மை சொல்லியிருக்கு. அதுக்கு அடி விழுந்தா இனி ஆர் சொல்லுவினம்?”

ஏன் போடவில்லை என்று அவர்தான் முதலில் கேட்டார். குளிசை ஒத்துக்கொள்கிறதா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. குளிசை போட்டால் இடைவேளையில் சாப்பாடு இறங்குவதில்லை என்றாள் துஷானி. குளிசை போட்ட நாளில் பகிடிக்குக்கூடச் சிரிப்பதில்லை என்று கூட்டாளிகள் நையாண்டி பண்ணுகிறார்கள். மிஸி எல்லாவற்றையும் எழுதி டொக்டரிடம் கொடுத்தார். டொக்டர் மருந்தின் அளவை யோசித்து மாற்றினார். முதலில் வயிறாரக் காலைச் சாப்பாடு, பிறகு குளிசை என்றார். ஒருநாள் தவறினால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது என்றும் சொன்னார்.

பிறகு மிஸி துஷானியிடம் சொன்னார்: “நீ இவருக்கு எழுத்துப் படிப்பி. ஒரு நாளைக்கு ஒண்டு. இவருக்கு முன்னாலை குளிசையை விழுங்கிப்போட்டுத்தான் எழுத்து.”

“நானோ? எனக்கே பாடம் ஏறுதில்லை!”

“அப்ப உனக்குத்தான் தெரியும், ஏறாத ஆளுக்கு எப்பிடிச் சொல்லிக் குடுக்கிறதெண்டு.”

மறுநாளிலிருந்து காலையில் கொப்பியோடு நான்தான் முதலில் மேசையில் இருப்பேன். எழுத்து ஆசை அப்படி. அவள் மறந்தாலும் நான் விடமாட்டேன். “அம்மப்பா, இது ‘ழ’வோ, வால் அறுந்த குரங்கோ?” என்பாள். “குளிசையை விழுங்கிப்போட்டு வந்து திருத்தும் டீச்சர்” என்பேன். நான் முதன்முதலில் முழுதாக வாசித்த சொல் ‘கண்டேன்’. அந்த நாள் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

தவறிய நாட்களும் இருந்தன. அந்தக் கட்டத்தில் சரிக்குப் பதிலாகப் புள்ளடி போட்டேன். முதல் புள்ளடியைக் காட்ட வெட்கப்பட்டபோது மிஸி சிரித்தார். “புள்ளடி இருக்கிற அட்டையைத்தான் ஐயா நான் நம்புவன்.”

மிஸியை வழியனுப்பப் பொரளைக் கனத்தை மயானத்துக்குப் போய் வந்த மறுநாள் நான் கொப்பியை எடுக்கவில்லை. துஷானி சாப்பிட்டு முடித்து, குளிசையை உள்ளங்கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொப்பி எங்கை அம்மப்பா?”

“இண்டைக்கு வேண்டாம் பிள்ளை. ஏலாது.”

“அப்ப எனக்கும் வேண்டாம்.” குளிசையை மேசையில் வைத்துவிட்டாள். “இனி ஆர் அட்டையைப் பார்க்கப் போகினம்?”

நான் எழுந்துபோய்க் கொப்பியை எடுத்து வந்தேன். என்ன எழுதுவது என்று கேட்டேன். “மிஸியின்ரை பேர்” என்றாள். எழுதினேன். மதிலில் பார்த்த அதே நாலு எழுத்து. ‘த்’தின் புள்ளி தள்ளி விழுந்தது. அவள் அதைத் திருத்தவில்லை. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, என் கண்ணுக்கு முன்னால் குளிசையை வாயில் வைத்துத் தண்ணீர் குடித்தாள்.

குசினியிலிருந்து கேட்டு நான் சரி போட்ட அந்தப் பழைய அட்டையை மிஸி என்னிடமே தந்திருந்தார். அது என்னிடம் இருக்கிறது. அன்று காலையின் அட்டையும் இருக்கிறது. அதில் மிஸி காட்டிய அந்தக் கட்டத்தை ஒருமுறை வாசித்துவிட்டுச் சரி போட்டேன்.

கண்டேன், மிஸி.