நான் பிடித்துக்கொடுத்த பத்தாவது ஆள்

இன்று ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் எனக்கு இரண்டு மாடி வீடு இருக்கிறது. முப்பது பேர் வேலை செய்யும் துப்புரவு நிறுவனம் இருக்கிறது. நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு மட்டும்தான். பெரிய படிப்புப் படித்தவர்கள் என் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார்கள். எந்த வேலைக்கு எந்த ஆள் சரிவரும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். அது பிறவிக் குணம். பதினொரு வயதிலேயே ஆள் பிடித்துக் கொடுத்தவள் நான்.

அப்போது நாங்கள் ஸ்டோவ்னரில் ஒரு அடுக்குமாடியில் இருந்தோம். எதிர்வீட்டில் ஒரு யூதக் கிழவர். அவருடைய மனைவி இறந்த வாரம் அது. அம்மா தந்துவிட்ட தோடம்பழங்களோடு போனேன். கண்ணாடிகளையெல்லாம் துணியால் மூடியிருந்தார்கள். கிழவர் சப்பாத்து இல்லாமல் ஒரு குட்டி முக்காலியில் இருந்தார். அவரோடு சேர்த்து ஒன்பது ஆண்கள். பத்துப் பேர் சேர்ந்தால்தான் இறந்தவருக்கான பிரார்த்தனையைச் சொல்லலாமாம். பத்தாமவர் வந்த ரயில் பனியில் நின்றுவிட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாஜிகள் பிடித்துக் கப்பலில் ஏற்றியது போக, ஒஸ்லோவில் அவர்களுடைய ஆட்களே கொஞ்சம் என்பது எனக்கு அப்போது தெரியாது. கிழவர் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஆள்தானே என்று ஓடிப்போய், எங்கள் வீட்டில் படுத்திருந்த சித்தப்பாவை எழுப்பினேன்.

“எனக்கு அவையின்ர தேவாரம் தெரியாது பிள்ளை.”

“சும்மா நிண்டாக் காணும் சித்தப்பா. ஆள்கணக்குக்குத்தான்.”

“அப்ப உங்கட அப்பா கூட்டத்துக்குப் போற மாதிரி,” என்று சேர்ட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

அவர்கள் ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. பத்துச் சொற்கள் உள்ள ஒரு வேத வரியை ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்கிறார்கள். தாடிக்காரர் ஒருவர் அப்படிச் சொல்லிக்கொண்டே வந்து, ஒன்பதாவது சொல்லோடு சித்தப்பாவுக்கு முன்னால் நிறுத்தினார். கிழவர் சித்தப்பாவின் கையைப் பிடித்து, வந்ததே பெரிய விஷயம், ஆனால் இதற்கு யூதராக இருக்கவேண்டும் என்றார். அதை நான்தான் தமிழில் சொன்னேன்.

சித்தப்பாவின் முகம் கறுத்துவிட்டது. “நிறத்தைப் பாத்திட்டினம். இஞ்சை எங்கை போனாலும் இதுதான்,” என்றபடி வெளியே வந்துவிட்டார்.

எனக்கும் கோபம் தலைக்கேறியது. வெள்ளைக்காரர் என்றால் எடுப்பார்களோ, அதையும் பார்ப்போம் என்று கீழே இறங்கினேன். எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வக்ட்மெஸ்டர் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தார். நீலக்கண். டிசம்பரில் வாசலுக்கு நத்தார் மரம் கொண்டுவந்து வைக்கிறவரும் அவர்தான். விஷயத்தைச் சொன்னேன். எத்தனை பேர் குறைகிறது என்று மட்டும் கேட்டார். ஒருவர் என்றேன். மண்வாரியைச் சுவரில் சாத்தினார், மறுபடி கையில் எடுத்தார், மறுபடி சாத்தினார். பிறகு என் பின்னால் வந்தார்.

தாடிக்காரர் மறுபடியும் எண்ணினார். இந்த முறையும் ஒன்பதோடு நிறுத்தினார். பத்தாவது சொல்லை வக்ட்மெஸ்டரே சொன்னார், மிக மெதுவாக.

கிழவர் முக்காலியிலிருந்து எழுந்தார். யார் சொல்லித்தந்தது என்று கேட்டார்.

“அம்மா,” என்றார் வக்ட்மெஸ்டர்.

அவரை உள்ளே எடுத்து, யாரோ கதவைச் சாத்தினார்கள். நான் நேரே சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். “பாத்தியே பிள்ளை, வெள்ளையெண்டோன்ன எடுத்திட்டினம்,” என்றார். நானும் ஓமென்றேன். ஒரு மாதம் அந்தக் கிழவரோடு கதைக்கவேயில்லை.

அன்று பிரார்த்தனை முடிந்து வந்த வக்ட்மெஸ்டரைப் படிக்கட்டில் மறித்தேன். கண் சிவந்திருந்தது. குனிந்து, யாராவது கேட்டால் தண்ணீர்க்குழாய் திருத்தப் போனேன் என்று சொல் என்றார். தன் மனைவி கேட்டாலும் அதையே சொல் என்றார்.

வேலை நேரத்தில் பனியை விட்டுவிட்டு வந்ததற்கு ஏச்சு விழும் என்று பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு பெரிய மனிதருக்கு இதற்கே பயமா என்று சிரிப்பும் வந்தது. ஆனால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதில் நான் அப்போதே கெட்டி. அடுத்தநாள் லிஃப்டில் அவருடைய மனைவியைக் கண்டேன். அவர் எதுவும் கேட்கவில்லை. நேற்று உங்கள் கணவர் எதிர்வீட்டுக்குப் போனது குழாய் திருத்தத்தான் என்று நானாகவே சொன்னேன்.

லிஃப்ட் கீழே போய்ச் சேரும்வரை அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.