கடுவனுக்கு நாவூறு கழித்த காலை

எனக்கு விமானம் என்றால் பயம். அறுபத்திரண்டு வயதுவரை அதில் ஏறாமலே காலத்தை ஓட்டிவிட்டேன். கடைசியில் என்னை ஏற்றிவிட்டது எங்கள் கடுவன் பூனை.

இரண்டு நாளாக அவனுக்குச் சலம் போகவில்லை. மண் தட்டில் போய்க் குந்துவான், முக்குவான், கத்துவான். ஒரு சொட்டும் வராது. மிருக வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கு இங்க ஏலாது. கொழும்பில சத்திரசிகிச்சை செய்யவேணும். சலம் போனால் தப்புவான். சலப்பை வெடிச்சால் ஆள் முடிஞ்சுது. ரோட்டால அவ்வளவு நேரம் தாங்குவான் எண்டு நான் சொல்லமாட்டன்."

பத்தரைக்குச் சீனன்குடா விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கு ஒரு சின்ன விமானம் இருந்தது. அதில் ஓர் இடம்தான். தொற்றுநோய் இல்லை என்று வைத்தியர் கடிதம் தந்தால் பூனையைக் கம்பிக் கூடையில் போட்டு மடியில் வைத்திருக்கலாமாம். நான் போவதென்று முடிவாயிற்று.

பிள்ளையில்லாத வீடு எங்களுடையது. ஓர்ஸ் ஹில்லில் நானும் மனைவியும் ஒருவரோடொருவர் கதைப்பதைவிட அவனோடு கதைப்பதுதான் கூட. அவன் இல்லாத வீட்டுக்குத் திரும்பி வரவேண்டி வருமோ என்று நினைத்துக்கொண்டே கூடையின் மூடியை இரண்டாம் தரமும் இழுத்துப் பார்த்தேன்.

ஓட்டோ வாசலில் நிற்க, மனைவி குசினியிலிருந்து தணல் போட்ட சிரட்டையோடு வந்தாள்.

"இஞ்சருங்கோ, ஒரு நிமிசம். பக்கத்து வீட்டு மனிசி போன கிழமைதான் இவன்ர மினுக்கத்தைப் பற்றி வாயூறிக் கதைச்சவ."

செத்தல் மிளகாயையும் உப்பையும் கூடையைச் சுற்றி மூன்று தரம் காட்டித் தணலில் போட்டாள். நாவூறு இருந்தால் மிளகாய் கமறாது என்பார்கள். அது கமறிய கமறலில் ஓட்டோக்காரரே இறங்கி ஓடினார். "நாவூறு இல்லையடி, இப்ப திருப்தியே?" என்று கத்தினேன். கூடைக்குள் அவன் தும்மத் தொடங்கிவிட்டான்.

சீனன்குடா வரைக்கும் தும்மினான். சின்ன விமானம் என்பதால் ஆட்களையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள். தராசில் கூடையோடு நான் நிற்க, அடுத்தடுத்து நாலு தும்மல். கண்ணும் சிவந்து வழிந்தது. நிறுத்துக்கொண்டிருந்த ஊழியர், கிண்ணியா ஊர்க்காரர், ஓரடி பின்னால் போனார்.

"ஐயா, தொத்துற வருத்தமெண்டால் ஏத்த ஏலாது."

கடிதத்தை நீட்டினேன்.

"கடிதத்தில இல்லையெண்டு கிடக்கு. கண்ணால பாத்தா இருக்கு. நான் எதை நம்புறது?"

கந்தோரில் அதிகாரியாய் முப்பது வருடம் எல்லோரையும் அதட்டிய நான் கடிதத்தை மடித்து மடித்து நின்றேன். சொன்னால் சிரிப்பாரோ என்று ஒரு வெட்கம் வேறு. "மனிசி நாவூறு கழிச்சவ" என்றேன்.

அவர் குனிந்து கூடையை மணந்தார். "செத்தல் மிளகாயா?"

"ஓம். உப்பும்."

"எங்கட வீட்டிலயும் இதே கூத்துத்தான். நான் மோட்டர்சைக்கிள் வாங்கின நேரம் உம்மா புகை போட்டு, எனக்கு ஒரு மணித்தியாலம் கண் தெரியல்ல. முகத்த ஈரத் துணியால துடைச்சு விடுங்க. பத்து நிமிசம் பாப்பம்."

துடைத்தேன். இரண்டு தும்மல் வந்தது, பிறகு நின்றது. ஏற்றினார்கள்.

விமானம் துறைமுகத்துக்கு மேலே எழும்ப நான் கீழே பார்க்கவில்லை. கூடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கத்துவதை நிறுத்திவிட்டான். அதுதான் என்னை உலுக்கியது. கம்பிக்குள்ளால் விரலை விட்டேன், கடிக்கவில்லை. "செத்துப்போகாதையடா" என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

முகிலுக்குள் விமானம் பள்ளத்தில் இறங்கிய பஸ்போலத் திடீரென்று விழுந்தது. "முருகா!" என்று நான் அலற, அவனும் அலறினான். அடுத்த கணம் என் தொடையெல்லாம் சூடாக நனைந்தது.

முதலில் நான்தான் என்று நினைத்தேன். அந்தப் பயத்துக்கு அது நடக்கக்கூடியதுதான். பிறகு மணம் வந்தது. வெள்ளைக்காரப் பெண் மூக்கைப் பொத்தினாள். கூடையிலிருந்து ஒழுகி ஒழுகிக் காலுறை வரைக்கும் நனைந்தது. நான் அசையாமல் இருந்து அழுதேன். கூடைக்குள் அவன் என் விரலைக் கடித்தான்.

இறங்கியதும், வைத்தியரிடம் போக முன்னமே, மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். "சலம் போயிட்டுதடி. முழுக்க என்ர மடியில."

அவள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு, "நான் சொன்னனான்தானே, நாவூறு எண்டு" என்றாள்.

மிளகாய் கமறியதை நான் ஞாபகப்படுத்தவில்லை. "ஓம்" என்றேன்.