கழுத்தளவிலிருந்து கரைவரை

தண்ணீருக்குள் ஆட்களை நிறுத்தி உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது ஒரு தொழில் என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் சிரிப்பார்கள், பிறகு ஆழம் எவ்வளவு என்று விசாரிப்பார்கள், அடுத்த கிழமை துவாயோடு வந்து நிற்பார்கள். மருதனார்மடத்துக்குக் கிட்ட உள்ள ஒரு தனியார் நீச்சல் குளத்தில், திங்களும் வியாழனும் காலை ஒன்பது மணிக்கு, பதினான்கு பெண்களுக்கு நான் அதைத்தான் செய்கிறேன். அவர்களில் யாருக்கும் நீந்தத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நெஞ்சளவு, கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கையையும் காலையும் அசைத்தால் போதும். பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும், நோகிற மூட்டு நோகாமல் வேலை செய்யும்.

அதற்கு முதல் பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடங்களில் வலைப்பந்து பழக்கினேன். விசிலும் தொண்டையும்தான் என் மூலதனம். கொழும்பில் ஐந்து நாள் பயிற்சி எடுத்து, ஒரு சான்றிதழோடு ஊருக்கு வந்தபோது எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். நீங்களும் யாருக்காவது எதையாவது படிப்பிக்கப் போய் மாட்டுப்பட்டவராக இருந்தால் மிச்சத்தை நான் சொல்லாமலே ஊகிப்பீர்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

படிவத்தில் இல்லாத காரணம்

முதல் நாள் ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் நிரப்பினேன். சீனி வருத்தம் உண்டா, பிரசர் உண்டா, எதற்காக வருகிறீர்கள், நிறை குறைக்கவா, மூட்டு நோவுக்கா. இணுவிலில் இருந்து வந்த பரமேஸ்வரி அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். டொக்டர்தான் தண்ணீரில் பயிற்சி செய்யச் சொல்லி அனுப்பியிருந்தார். மூட்டு நோவு என்ற இடத்தில் சரி போடப் போனேன். "அது இல்லைப் பிள்ளை" என்று என் பேனையைத் தடுத்தார்.

அவருடைய மகளுக்குக் குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றரை மாதம் கிடந்ததாம். அந்த நாட்களில் ஊர்க் கோயில் முருகனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். குழந்தை தப்பினால் தேரன்று அடியழிப்பதாக. தேருக்குப் பின்னால் கோயில் வீதி முழுக்க, மூன்று அடிக்கு ஒரு தடவை முழங்கால் மடித்து, நெற்றி மண்ணில் பட விழுந்து கும்பிட்டு, எழும்பி, திரும்பவும் விழுந்து போவதுதான் அடியழித்தல். குழந்தை தப்பி இப்போது வீடு முழுக்க ஓடித் திரிகிறது. இவருக்குத்தான் கதிரையில் இருந்து எழும்பவே ஆள் வேண்டியிருந்தது.

தேருக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "இந்த வருசம் செய்வீங்கள் அக்கா, அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். என் வாய்க்குப் பூட்டு இல்லை என்று வீட்டில் சும்மா சொல்வதில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப எழுது பிள்ளை. காரணம், முருகனுக்குக் குடுத்த வாக்கு."

விசில் அடித்த வேகம்

இந்த வகுப்பில் ஆசிரியர் கரையில் நின்றுதான் செய்து காட்டவேண்டும். தண்ணீருக்குள் இறங்கினால் கழுத்துக்குக் கீழே நாம் செய்வது யாருக்கும் தெரியாது. நான் கரையில் நின்று, வலைப்பந்துக்காரிகளுக்கு எண்ணுகிற அதே வேகத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று காலைத் தூக்கினேன். நான் எட்டில் நிற்கும்போது அவர்கள் மூன்றில் நின்றார்கள். சோம்பலில் பஞ்சிப்படுகிறார்கள் என்று நினைத்து இன்னும் பலமாக விசில் அடித்தேன்.

குருநகரில் இருந்து பஸ்ஸில் வருகிற ஜெசிந்தா அக்கா கையை உயர்த்தினார். அவருடைய மனுசனும் இரண்டு மகன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். "ரீச்சர், ஒருக்கா இறங்கி வந்து எண்ணுங்கோவன்" என்றார். இறங்கினேன். அதே வேகத்தில் காலைத் தூக்கப் பார்த்தேன், தண்ணீர் தொடையைப் பிடித்து இழுத்தது. ஐந்தாவது எண்ணிக்கையில் மூச்சு வாங்கியது, ஆறாவதில் ஒரு வாய் தண்ணீரும் குடித்தேன். மெல்ல, நீட்டி, பாதி வேகத்தில் எண்ணத் தொடங்கிய பிறகுதான் பதினான்கு கால்களும் ஒன்றாக எழும்பின. ஜெசிந்தா அக்கா பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது: "இப்பதான் ரீச்சர் மூச்சு விடுறா. இனி நாங்களும் விடலாம்."

சோட்டி

நீச்சல் உடுப்பு என்றதும் பாதிப் பேர் முகம் சுருங்கியது. முழங்காலுக்குக் கீழே வரைக்கும், முழுக்கையோடு தைத்த உடுப்புகள் இருக்கின்றன என்று படம் காட்டிச் சமாளித்தேன். பரமேஸ்வரி அக்கா படத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அடுத்த நாள் வீட்டில் போடுகிற தொளதொளத்த நீளக் கவுனான சோட்டியோடு படியில் இறங்கினார். இடுப்பளவு வந்ததும் சோட்டிக்குள் காற்றுப் புகுந்து குடை மாதிரி விரிந்து எழும்பியது. முன்பக்கம் அடித்து அமத்தினால் பின்பக்கம் எழும்பியது, பின்பக்கம் அமத்தினால் முன்பக்கம். நான் சிரிக்கக் கூடாது என்று சொண்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவரோ வெட்கப்படவும் இல்லை, கரைக்கு ஓடவும் இல்லை. சோட்டியைத் தூக்கி முடிச்சுப் போட்டு, உள்ளே போட்டிருந்த மகனுடைய காற்சட்டையோடு வகுப்பை முடித்துக்கொண்டுதான் ஏறினார். நாற்பது நிமிடமும் ஒரு அசைவைக்கூட விடவில்லை. ஏறும்போது சொன்னார்: "கிணத்தடியிலை தண்ணியை என்ரை தலையிலை ஊத்தித்தான் பழக்கம். என்னைக் கொண்டுபோய்த் தண்ணிக்குள்ளை ஊத்தினது இண்டைக்குத்தான்."

முதுகு காட்டிய காவல்

குளத்தில் ஆட்கள் தாண்டு மூழ்கிப்போகாமல் பார்த்துக்கொள்பவர் யூட் அண்ணை. முந்திக் கடலின் அடியில் கடலட்டை பிடிக்கச் சுழியோடியவர். ஒரு மூச்சில் எவ்வளவு நேரம் கீழே நிற்பார் என்று கேட்டால், சிரிப்பார். பெண்கள் வகுப்பில் ஆம்பிளை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதா என்று முதல் கிழமையே முறைப்பாடு வந்தது. காவல் இல்லாமல் வகுப்பு நடத்த முடியாது என்று நான் சொல்ல, கடைசியில் ஒரு முடிவு வந்தது. யூட் அண்ணை கதிரையைத் திருப்பிச் சுவரைப் பார்த்து இருக்கவேண்டும். என்னைப்போல ஒரு ஆசிரியை அதற்கு ஒத்துக்கொண்டதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

கதிரையைத் திருப்பிய இரண்டாம் நாள் யூட் அண்ணை சுவரைப் பார்த்தபடியே, "வலப்பக்கம் மூலையிலை ஆருக்கோ கால் வழுக்குது, தங்கச்சி" என்றார். திரும்பிப் பார்த்தேன். ஒருவர் உண்மையிலேயே தடுமாறிக்கொண்டிருந்தார். தண்ணீரின் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அதோடு ஜெசிந்தா அக்காவுக்குப் பொறுக்கவில்லை. தண்ணீருக்குள் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார்: "யூட்டு, கதிரையைத் திருப்பு. நாங்கள் தாண்டுபோனால் முதுகாலையோ பிடிக்கப் போறாய்?"

வேலையின் பெயர்

கொழும்பில் எழுதி வந்த ஆங்கிலப் பெயர்களை நான் இரவிரவாக மொழிபெயர்த்து வைத்திருந்தேன். மாற்றுக்கர முன்னிழுப்பு, பக்கவாட்டு உடற்சுழற்சி என்று. சொன்னதும் பதினான்கு பேரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். நான் செய்து காட்டிக்கொண்டிருக்க, ஜெசிந்தா அக்கா, "உது வலை இழுக்கிறதெல்லே" என்று இரண்டு கையாலும் தண்ணீரை இழுத்தார். அப்படி ஒரு இழுவையை நான் பயிற்சியிலும் காணவில்லை. பரமேஸ்வரி அக்கா உடம்பைத் திருப்பி, மண்வெட்டியால் வரம்பை வெட்டி ஒரு பாத்தியில் இருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரை மாற்றிவிடுகிற மாதிரிச் செய்தார். அவருக்குப் பின்னால், அவரைப்போலத் தோட்டம் செய்கிற பெண்கள் ஆறு பேரும் அப்படியே திரும்பினார்கள்.

பிறகு எல்லாவற்றுக்கும் பெயர் மாறிவிட்டது. இடியப்பம் பிழிகிறது, மா இடிக்கிறது, கொடியில் உடுப்புப் போடுகிறது. ஆசிரியை நானா அவர்களா என்று எனக்கே சந்தேகம் வந்தது, ஆனால் சந்தோசமான சந்தேகம். ஜெசிந்தா அக்கா என் கொப்பியைச் சுட்டிச் சொன்னார்: "புத்தகத்திலை இருக்கிற பேரை நீங்கள் வைச்சிருங்கோ ரீச்சர். எங்களுக்கு வேலையின்ரை பேரைச் சொல்லுங்கோ."

களவெடுத்த நிறை

இரண்டு மாதத்தில் பரமேஸ்வரி அக்கா கழுத்தளவுத் தண்ணீரில் முழங்காலை மடித்து இறங்கி, ஒரு கையும் ஊன்றாமல் எழும்பினார். இருபது தடவை. எனக்குத் தலைகால் தெரியவில்லை. அன்றைக்கே அவரைக் கரைக்கு ஏற்றி, பாய் விரித்து, "அதையே இஞ்சை செய்யுங்கோ அக்கா" என்றேன். முழங்காலில் இருந்தார், நெற்றியை நிலத்தில் வைத்தார். எழும்ப முடியவில்லை. மூன்று பேர் சேர்ந்து தூக்கினோம். அவர் உடுப்பு மாற்றப் போனார். அவர் கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன். பொறுப்பு என்று வாய் விட்டவள் நான்தானே.

யூட் அண்ணை என்னை ஏசவில்லை. சுழியோடிவிட்டு வள்ளத்தில் ஏறுகிற அந்த நேரத்தில்தான் சொந்த உடம்பின் பாரம் தெரியும் என்றார். கழுத்தளவில் செய்ததை நெஞ்சளவில் செய்விக்கச் சொன்னார், பிறகு இடுப்பளவில், பிறகு படியில். ஒவ்வொரு கிழமையும் கரைப் பக்கமாக ஒரு அடி. ஐந்து நாள் பயிற்சியில் இதைச் சொல்லித்தான் இருந்தார்கள், நான்தான் குறிப்பெடுத்து மூடிவைத்திருந்தேன். ஆனால் யூட் அண்ணை சொன்ன மாதிரி அங்கே யாரும் சொல்லவில்லை: "நீ அவவின்ரை நிறையைக் களவெடுத்து வைச்சிருக்கிறாய், தங்கச்சி. அதைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் குடு."

வடக்கு வீதி

திருப்பிக் கொடுத்தோம். இடுப்பளவில் இரண்டு கிழமை அழுதார், படியில் ஒரு கிழமை என்னைத் திட்டினார், ஒரு வகுப்பும் தவறவில்லை. தேருக்கு நாலு நாள் முந்தி, வெறும் பாயில் ஒரு கையை ஊன்றி, தானாக எழும்பினார். எத்தனை தடவை முடியும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தேரன்று விடிய இணுவிலுக்குப் போனேன். ஜெசிந்தா அக்காவும் முதல் பஸ்ஸில் வந்திருந்தார். முழங்காலில் போகிற நேர்த்தி தங்கள் மாதா கோயிலிலும் இருக்கிறது, இதைப் பார்க்காமல் விடமுடியுமா என்றார். தேர் நகர, பரமேஸ்வரி அக்கா ஈரச் சேலையோடு விழுந்தார், எழும்பினார், மூன்று அடி வைத்தார், விழுந்தார். தெற்கு வீதி முடிந்தது. மேற்கு வீதியில் மற்றப் பெண்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். அவர் அவசரப்படவில்லை. வடக்கு வீதியில் பாதி தூரத்தில் விழுந்தவர் எழும்பவில்லை. நான் எண்ணிக்கொண்டு நின்றேன், முப்பது வரைக்கும் எண்ணியிருப்பேன். தூக்கலாம் என்று குனிந்தேன். நெற்றியை மண்ணில் இருந்து எடுக்காமலே கையால் என்னைத் தள்ளினார். வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்தது. பிறகு வலக்கையை ஊன்றினார், ஒரு முழங்கால் எழும்பியது, அடுத்ததும் எழும்பியது.

தேர் வீதி சுற்றி முடித்து இருப்புக்கு வந்து கனநேரத்துக்குப் பிறகு அவரும் கோபுர வாசலுக்கு வந்து சேர்ந்தார். நெற்றி முழுக்க மண். நான் வெட்கமில்லாமல் அழுதேன். இப்படி ஒரு மனுசியை என் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. வடக்கு வீதியில் முருகனிடம் என்ன கேட்டீர்கள் என்று கேட்டேன். சோடாவை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "இதை முடிக்க வைச்சால் வாற வருசமும் அடியழிக்கிறன் எண்டு நேர்த்தி வைச்சுத்தான் எழும்பினனான். திங்கக்கிழமை வாறன் பிள்ளை."

மாணவி தேறிய அன்றைக்கே அதே வகுப்புக்குத் தானாகத் திரும்பிப் பதிந்துகொள்வதும், ஆசிரியை முருகனிடம் இன்னொரு வருடத்துக்குப் பொறுப்பாகிவிடுவதும், எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் மட்டும்தான்.