பி.எம்.எக்ஸுக்கு ஒரு கேரியர்

கடையில் வாங்கிய பொருளை வாங்கியபடியே விட்டுவைத்தால் ஆரோக்கியசாமிக்குத் தூக்கம் வராது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். கள்ளிக்குப்பத்து வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு இரும்புக் கால் இருந்தது. குடைக்கு ஸ்கூட்டரின் கைப்பிடி இருந்தது. ஒரு கிறிஸ்துமஸுக்கு, கோயில் குடிலில் மூன்று ராஜாக்களும் தொழுவத்தைச் சுற்றிவரும்படி மோட்டார் வைத்தார். அது மாவரைக்கிற மோட்டார் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார். பூசை நடுவில் ஒரு ராஜா பறந்துபோய் உபதேசியார் மடியில் விழுந்தார், கையில் காணிக்கை வெள்ளைப்போளப் பெட்டியோடு.

கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், கட்டிலின் கம்பி ஆடுகிறது என்று நர்ஸிடம் ஸ்பேனர் கேட்டார். நர்ஸ் தரவில்லை. மறுநாள் போய்ச் சேர்ந்தார்.

அவருடைய ஒரே மகள் ஜெசிந்தா, வாகன உதிரிபாகக் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். அப்பாவோடு அவளுக்கு ஒரு வழக்கு பாக்கி இருந்தது.

அவள் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் சிவப்பு பி.எம்.எக்ஸ் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். கம்பிகள் இல்லாத மஞ்சள் பிளாஸ்டிக் சக்கரம். ஹேண்டில்பாரில் மெத்தை. முன்னால் பந்தய வண்டி மாதிரி நம்பர் தகடு. தெருப் பையன்கள் யாருக்கும் அப்படி ஒன்று இல்லை. ஜெசிந்தா இருட்டும்வரை ஓட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆரோக்கியசாமி அதில் கைவைத்தார். சாயங்காலத்துக்குள் சைக்கிளுக்கு ஸ்டாண்டு வந்தது, இரும்புக் கேரியர் வந்தது, பின்சக்கரத்தில் சாரி கார்டும் வந்தது. பத்து வயதுப் பெண்ணுக்குச் சேலை சிக்கிக்கொள்ளக் கூடாதாம்.

அது போதாதென்று கேரியர் கோணலாக வேறு இருந்தது.

"கோணல் இல்லம்மா. ஸ்டாண்டு போட்டு நிறுத்திப் பாரு," என்றார்.

நிறுத்திப் பார்த்தாள். சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. கேரியர் மட்டும் மேசை மாதிரி நேராக இருந்தது.

"ஓட்டும்போது பை சரியுதேப்பா."

"சைக்கிளு ஓடுற நேரத்தவிட நிக்கிற நேரந்தான் ஜாஸ்தி. எது ஜாஸ்தியோ அதுக்குத்தான் செய்யணும்."

பள்ளிக்கூடம் முடியும்வரை அவளுடைய புத்தகப் பை தினமும் வலப்பக்கம் சரிந்தது. இன்ஜினியரிங் படித்த பிறகு, அது எப்படித் தவறு என்று படம் போட்டே அவரிடம் விளக்கினாள். அவர் படத்தை ரசித்துப் பார்த்துவிட்டு, கோடுகள் நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்.

இப்போது எதிர்த்தரப்பு இல்லை. தீர்ப்பைத் தானே எழுதிக்கொள்வது என்று ஜெசிந்தா முடிவு செய்தாள். அந்தச் சைக்கிளைத் தேடிப் பிடித்து, கேரியர், ஸ்டாண்டு, சாரி கார்டு எல்லாவற்றையும் நீக்கி, அந்த ஒரே சனிக்கிழமைச் சாயங்காலம் எப்படி வந்து நின்றதோ அப்படியே ஆக்கிவிட வேண்டும். அவளுக்கு அந்தச் சாயங்காலம் வேண்டியிருந்தது.

பழைய சைக்கிள் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தாள். வேலப்பன்சாவடி ஃபிளாட்டில் இருக்கும் லோகேஷ் என்ற ஐ.டி. ஆசாமிதான் அங்கே நீதிபதி. "அந்த மாடல் ரொம்ப ரேர் அக்கா. எல்லாம் பழைய இரும்புக்குப் போயிருக்கும்," என்றான். ஜெசிந்தா கோயம்புத்தூர் வரை விசாரித்தாள்.

ஒருநாள் அம்மா லூர்தம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே, "எந்த சைக்கிள தேடுற? சாரி கார்டு வெச்சதா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அத நீ காலேஜ் போனப்பவே உங்கப்பா வெள்ளானூர் சம்பந்தம் அண்ணனுக்குக் குடுத்துட்டாரே. அவரு பொண்டாட்டி கமலம் அதுலதான் இன்னும் பால் ஊத்துது. போன மாசம் அவங்க ஊட்டு விசேஷத்துல கூடப் பாத்தேன்."

"ஏம்மா சொல்லல?"

"நீ போன்லயே தேடிகினு இருந்த. என்னாண்ட கேட்டியா?"

சம்பந்தம் அப்பாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வெள்ளானூரில் அவர் வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் ஃபிளாட்டுகள் எழும்பிவிட்டன. நான்காவது பக்கத்தில் மாடுகள். மாடுகளுக்கு நடுவில் சைக்கிள் நின்றது. சிவப்பு போய்த் துருவாகியிருந்தது. முன்சக்கரம் மட்டும் இன்னும் மஞ்சள் பிளாஸ்டிக். பின்னால் கேரியரில் பால் கேன், தலையில் புத்தகம் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளை மாதிரி நேராக.

"சாமியண்ணன் பொண்ணா? மூக்கப் பாத்தாலே தெரியுது," என்றாள் கமலம். "சைக்கிள எடுத்துகினு போம்மா. எம் புள்ள புதுசா ஒண்ணு வாங்கிக் குட்த்துகீறான். கேரியர மட்டும் வுட்டுட்டுப் போ. அதனாலதான் இத்தினி வருசம் இத வெச்சிகீறேன். இல்லன்னா எப்பவோ இரும்புக்குப் போட்ருப்பேன்."

இதைவிட நல்ல ஏற்பாடு அமையாது. ஜெசிந்தா காரிலிருந்து கட்டிங் மெஷினை எடுத்துவந்தாள். கேரியரைக் கழற்ற வழியில்லை, அறுக்கத்தான் வேண்டும். ஆரோக்கியசாமிக்கு நட்டு போல்ட்டில் நம்பிக்கை கிடையாது. கழற்ற முடிகிற மாதிரி வைத்தால் யாராவது கழற்றிவிடுவார்கள் என்பார். யாராவது என்றால் ஜெசிந்தா என்று அர்த்தம். அதனால் வெல்டிங் வைத்திருந்தார்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சாணமும் துருவும் மூடிய இடத்தைத் துணியால் துடைத்தாள். அடியில் வெல்டிங் தெரிந்தது. காசுகளை அடுக்கிச் சரித்துவிட்டது போல, ஒரே சீராக, ஒரு சுற்று. மெஷினைப் போட்டாள். தகடு சுழன்றது. மாடு ஒன்று இரண்டடி பின்வாங்கியது. ஜெசிந்தா அப்படியே இருந்தாள். பிறகு அணைத்துவிட்டாள்.

"இன்னாம்மா, கரண்டு போச்சா?"

"இல்ல ஆன்ட்டி." துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். "தூசி."

"இன்னும் அறுக்கவேயில்ல. அதுக்குள்ள தூசியா?"

ஜெசிந்தா மெஷினைக் கீழே வைத்தாள். "கேரியர் எனக்கு வேணும் ஆன்ட்டி. உங்க புது சைக்கிளுக்கு வேற செஞ்சு தரேன்."

கமலம் யோசித்தாள். "இதே மாதிரி சாய்ச்சி செய்யணும். நான் ஊடு ஊடா நிறுத்தி அளந்து ஊத்துறவ. நீ பாட்டுக்கு நேரா செஞ்சன்னா, ஸ்டாண்டு போட்டதும் கேன் சாயும். பாலு ரோட்டுக்குத்தான். சாமியண்ணன் எனக்குன்னு பாத்துப் பாத்து செஞ்சாரு."

"எனக்குத்தான் செஞ்சாரு ஆன்ட்டி."

"உனக்கா? நீ எங்க பால் ஊத்தின?"

ஜெசிந்தா போனிலிருந்த கோணமானியால், புது சைக்கிள் ஸ்டாண்டில் எத்தனை டிகிரி சாய்கிறது என்று அளந்துகொண்டாள்.

எஸ்டேட்டில் பட்டறை வைத்திருக்கும் இளங்கோவுக்குப் படம் அனுப்பினாள். அரை மணியில் போன் வந்தது.

"மேடம், டிராயிங்ல மிஸ்டேக் கீது. கேரியர் கோணலா நிக்குது."

"கோணல் இல்ல. ஸ்டாண்டு போட்டா நேராயிடும்."

"ஓட்டும்போது?"

"சைக்கிள் ஓடுற நேரத்தவிட நிக்கிற நேரம்தான் ஜாஸ்தி இளங்கோ. அப்படியே வெல்ட் பண்ணுங்க."

சொல்லிவிட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பழைய சைக்கிளைப் புதுப்பிக்க மழைக்காலம் முழுக்க ஆனது. துருவைச் சுரண்டி, சிவப்புப் பெயின்ட் அடித்தாள். லோகேஷ் எங்கிருந்தோ இன்னொரு மஞ்சள் சக்கரம் பிடித்துக்கொடுத்தான். ஹேண்டில்பார் மெத்தையை லூர்தம்மாள் தைத்தாள். சாரி கார்டைக்கூட ஜெசிந்தா நெளிவெடுத்துத் திரும்ப மாட்டினாள். வெல்டிங் மேல் மட்டும் பெயின்ட் அடிக்கவில்லை. துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவினாள்.

குழுவில் படம் போட்டாள். "வண்டி செம அக்கா. பின்பக்கம் மட்டும் தெரியாம கிராப் பண்ணிட்டு திரும்பப் போடுங்க," என்றான் லோகேஷ். அவள் பின்பக்கத்தை மட்டும் தனியாகப் படமெடுத்துப் போட்டாள்.

சைக்கிள் இப்போது கள்ளிக்குப்பத்து வீட்டின் கூடத்தில் நிற்கிறது. ஓட்ட ஆளில்லை. ஜெசிந்தாவின் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது. அது வந்து நின்ற முதல்நாள் காலையில் லூர்தம்மாள் இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தாள். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டாள். மற்றதை, விளிம்புவரை நிறைந்திருந்ததை, கேரியர் மேல் வைத்துவிட்டு இரும்புக் கால் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இந்த மனுசன் இத ஒண்ணத்தான் உருப்படியா செஞ்சாரு," என்றாள்.

ஜெசிந்தா குனிந்து டம்ளரைப் பார்த்தாள். காப்பி எந்தப் பக்கமும் சரியவில்லை. அவள் எடுத்துக் குடித்தாள். சர்க்கரை குறைவாக இருந்தது. முழுவதும் குடித்துவிட்டு, டம்ளரைத் திரும்பக் கேரியர் மேலேயே வைத்தாள்.