விளம்பரத்து அக்கா

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாயிற்று. செருப்பைக் கழற்றி மூலையில் தள்ளிவிட்டு, மைக்குக்கு முன்னால் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள் பாப்பா. உயரம் கூடினால்தான் குரலில் வயது குறையுமாம். அவளே கண்டுபிடித்த சாஸ்திரம். நாற்பதை நெருங்கும் உடம்பிலிருந்து ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி துள்ளிக்கொண்டு வரும்போது, கேலி செய்தவர்களே கைதட்டுகிறார்கள். டப்பிங் ஸ்டுடியோவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் பாப்பாதான். ஒலிப்பதிவாளர் மட்டும் மரியாதைக்காகப் "பாப்பாக்கா" என்பார்.

சிப்ஸ் விளம்பரத்தில் ரெட்டைச் சடைச் சிறுமி வாயசைப்பாளே, அந்தக் குரல் இவளுடையது. "அம்மா தரலையா? மறுபடி கேளு! மறுபடி மறுபடி கேளு!" கடித்து நொறுக்குவதும் இவள்தான். ஆனால் சிப்ஸைக் கடித்தால் தூள் தொண்டையில் ஒட்டிக் குரல் கரகரக்கும். அதனால் கேரட்டை நறுக்கி டப்பாவில் கொண்டுபோய்க் கடித்தாள். ஊரே நாக்கைச் சப்புக்கொட்டிக் கேட்கிற அந்த மொறுமொறு, பச்சைக் கேரட்டின் சத்தம். "வெளில சொன்னீங்கன்னா என் பொழப்புல மண்ணு" என்று சிரிப்பாள்.

இப்போது அவ்வளவாகச் சிரிப்பதில்லை.

ஒரே மகன், ஒன்றாம் வகுப்பு. கேரட்டைக் கண்டால் ஓடுவான். விளம்பரத்து அக்கா என்றால் உயிர். கார்ட்டூனுக்கு நடுவே அவள் வந்துவிட்டால் சோறு, அம்மா, ஒன்றும் கண்ணில் படாது. அக்கா சொல்லிக் கொடுத்தபடியே மறுபடி மறுபடி கேட்பான். பாப்பா வீட்டில் இல்லாத நேரத்தில் கேட்டால் அவன் அப்பா வாங்கிக் கொடுத்துவிடுவார். பிள்ளை அழுதால் தாங்காத மனுஷன். போன மாதம் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "இந்த வயசுலயே கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்திருக்கும்மா. பாக்கெட் தீனிய இன்னியோட நிறுத்துங்க" என்றார். யார் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது! பாப்பா தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அன்று வீட்டிலேயே குதிகாலைத் தூக்கி நின்று அதே குரலில் சொல்லிப் பார்த்தாள்: "டேய், அந்த அக்கா நான்தான்டா. எனக்கே அது புடிக்காது. நமக்கு வேணாம்டா."

பிள்ளையின் முகம் சுருங்கிப் போனது. "அக்கா மாதிரி பேசாத. அக்கா வேணாம்னு சொல்லவே மாட்டா."

புது சிப்ஸ் விளம்பரத்துக்குக் கூப்பிட்டார்கள்; மாட்டேன் என்றுவிட்டாள். என்ன பிரயோஜனம்? பழையது ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் இந்த மாதிரி விளம்பரமே கூடாது என்று சட்டம் வரப்போவதாகப் பேச்சு. "வந்துச்சுன்னா நம்ம வயித்துல ஈரத்துணிதான் பாப்பாக்கா" என்று ஒலிப்பதிவாளர் புலம்புகிறார். "வருது வருதுங்கறாங்க, எங்க வருது?" என்கிறாள் இவள். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய சொந்தக்காரரைப் பற்றிக் கேட்பது போல அவ்வளவு ஏக்கம் அந்தக் குரலில். மகன் டிவியைப் பார்க்கிறானே, கண்ணை விரித்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, அப்படி ஒரு தடவை தன்னைப் பார்க்கமாட்டானா என்றுதான் கிடந்து தவிக்கிறாள். அவன் நம்பினால் போதும். மற்றதெல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள்.

நேற்று சாயங்காலம் சீக்கிரமே வந்துவிட்டாள். வாழைப்பழத்தை உரித்து அவன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கார்ட்டூன் நின்றது. ரெட்டைச் சடை எட்டிப் பார்த்தது. பாப்பா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினாள். அதற்கெல்லாம் அசருகிற பிள்ளையா அவன்? வசனம் முழுவதையும் தானே சொல்ல ஆரம்பித்தான், ஏற்ற இறக்கம் பிசகாமல், தன் அம்மாவின் அதே குழைவோடு.

பாப்பா எழுந்தாள். டிவிக்கும் அவனுக்கும் நடுவில் போய், திரையை முதுகால் மறைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, மறைக்குது!"

அவன் இடது பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்தான். அவளும் அந்தப் பக்கம் சாய்ந்தாள். அவன் வலது பக்கம் சாய்ந்தான். அவளும் சாய்ந்தாள்.