நாற்பதுக்குள் எழுந்த புகை

தெக்லாவின் சாப்பாட்டுக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பெக்கா சமவெளியில் திராட்சைத் தோட்டங்களை ஒட்டிப் போகும் பழைய சாலையில், ஒரு வால்நட் மரத்தடியில் ஐந்து மேசைகள், அவ்வளவுதான். பழம் பறிக்க வருகிறவர்களும் லாரிக்காரர்களும் சாப்பிட்டுப் போவார்கள். மலையைச் சுற்றிப் புதுச்சாலை வந்த பிறகு லாரிகள் அந்தப் பக்கம் போய்விட்டன. இந்த அறுவடைக்கும் ஆள் வராவிட்டால் கடையை மூடிவிட்டு ஸஹ்லே நகரத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டோடு போய்விடலாம் என்று கணவன் ஷுக்ரி சொல்லிக்கொண்டிருந்தான். தெக்லாவுக்கு அது நினைத்தே பார்க்க முடியாத காரியம். ஸஹ்லேயில் ஹன்னே இல்லையே.

ஹன்னே எதிர்வீட்டுக்காரி. இருவரும் ஒரே ஆண்டில் அந்த ஊருக்கு மருமகளாக வந்தவர்கள். விடிந்ததும் தெக்லாவின் அடுப்பில்தான் இரண்டு வீட்டுக்கும் ரொட்டி. ஹன்னே மாவைக் கைக்குக் கை வீசி விரிப்பாள். தெக்லா அதைக் கவிழ்த்த இரும்புச் சட்டியின் மேல் போட்டு எடுப்பாள். அது வேகும் நேரத்தில் ஊர் வம்பு முழுவதும் வெந்துவிடும். தெக்லாவுக்குக் குழந்தை இல்லை. அதை ஒருமுறைகூடக் குத்திக்காட்டாத பெண் அந்தத் தெருவில் ஹன்னே ஒருத்திதான்.

அந்த ஆண்டு பழம் பறிக்கத் தொடங்கிய சமயம், ஹன்னேயின் கணவன் தானியேல் டிராக்டர் கவிழ்ந்து இறந்துபோனான். நாற்பதாம் நாள் பூசை முடியும்வரை அக்கம்பக்கத்தில் பாட்டு கேட்கக் கூடாது, கறி சுடும் புகை எழக் கூடாது, சாராயக் கோப்பை மேசைக்கு வரக் கூடாது. யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாத வழக்கம். தெக்லா கறி சுடும் கரியை அள்ளி மூட்டை கட்டிவிட்டு, பகலெல்லாம் ஹன்னேயின் வீட்டிலேயே கிடந்தாள்.

ஒரு ஞாயிறு மதியம் அவள் தன் வீட்டுக்கு வந்திருந்தபோது, பெய்ரூத்துக் கார் ஒன்று மரத்தடியில் நின்றது. ஒயின் ஆலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வழி தவறி வந்த நான்கு பேர். கழுத்தில் கேமரா தொங்கிய இளைஞன் முதலில் இறங்கினான்.

“கடை இல்லைப்பா. எதிர்வீட்டுல துக்கம்.”

“சித்தி, காலையிலேருந்து வெறும் வயித்துல ஒயினை ருசி பாத்துட்டு வர்றோம். இன்னும் கொஞ்ச நேரம் போனா எங்களுக்கும் நீங்க துக்கம் கேக்க வேண்டியிருக்கும்.”

கூட வந்த பெண் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

பசியோடு வந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்புவதும் அந்த ஊரில் பாவம்தான். தெக்லா தயிர்க்கட்டியும் ஆலிவும் தக்காளியும் காலையில் சுட்ட ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். நெருப்பில்லாத சாப்பாடு. ஹன்னே ஒன்றும் நினைக்க மாட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அதற்குள் ஷுக்ரி அரக் சாராயப் பாட்டிலோடு வந்துவிட்டான். சோம்பு வாசனை மரத்தடி முழுக்கப் பரவியது.

“உள்ள கொண்டு போ,” என்றாள் தாழ்ந்த குரலில். “அவ வீட்டு ஜன்னல் திறந்திருக்கு.”

“எத்தனை நாளா ஈ ஓட்டறோம்! ஆண்டவனா பாத்து அனுப்பின ஆளுங்கள ஆலிவ் குடுத்து அனுப்பப் போறியா?”

“நாப்பது முடியலையே, ஷுக்ரி.”

“தானியேல் என் சிநேகிதன்டி. உயிரோட இருந்தா முதல் கோப்பை அவனுக்குத்தான். கம்பிய எடு.”

அவள் எடுத்தாள். அவன் அடிக்கவும் இல்லை, மிரட்டவும் இல்லை. கொத்துக்கறியைப் பிசைந்து கம்பியில் பிடித்தது அவளுடைய கைதான். கொழுப்பு கரியில் சொட்டிப் புகை எழுந்தது. இளைஞன் முதல் கவளத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். “உங்க கைக்கு எந்தக் குறையும் வரக் கூடாது சித்தி,” என்றான். அப்படிச் சாப்பிடும் ஒருவனைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அவளையறியாமல் சிரித்துவிட்டாள்.

காற்று அன்றைக்குச் சாலையைக் கடந்து நேராக எதிர்வீட்டுக்குள் போனது. மூன்றாவது கோப்பையில் யாரோ கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள். எதிர் ஜன்னலில் ஹன்னே வந்து நின்றாள், தலைமுதல் கால்வரை கறுப்பில். இளைஞன் கேமராவைத் தூக்கினான். ஜன்னல் சாத்திக்கொண்டது.

மறுநாள் காலை ரொட்டி சுட ஹன்னே வரவில்லை. தெக்லா போய்த் தட்டினாள். உள்ளே காலடிச் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை.

அடுத்த வாரம் ஷுக்ரி ஒரு பத்திரிகையை ஆட்டிக்கொண்டே வந்தான்.

“கேளு! ‘திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே பெயரில்லாத சொர்க்கம் ஒன்றைக் கண்டுபிடித்தேன்.’ நம்ம கடைடி!”

“கண்டுபிடிச்சானாமா? நாம என்ன காணாமலா போயிருந்தோம்?”

“இன்னும் இருக்கு. ‘எதிர் ஜன்னலில் கறுப்புடைப் பெண்ணொருத்தி, பழைய ஓவியம்போல எங்கள் விருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.’ படமும் போட்டிருக்கான் பாரு, அரைப் பக்கத்துக்கு. உன் சிநேகிதி பிரபலமாயிட்டா!”

தெக்லா பத்திரிகையைப் பிடுங்கி மாவு மூட்டைக்கு அடியில் சொருகினாள். அதனால் என்ன பயன்? ஊரில் எல்லோர் வீட்டிலும் ஒன்று இருந்தது. கார்கள் வரத் தொடங்கின. “நாப்பது முடியட்டும், அப்புறம் வாங்க,” என்று ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினாள். ஷுக்ரி தலையில் அடித்துக்கொண்டான். எதிர்வீட்டுக் கதவு மட்டும் திறக்கவே இல்லை.

நாற்பதாம் நாள் பூசைக்குப் பிறகு பெண்களெல்லாம் ஹன்னேயின் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தெக்லாவும் போனாள். இன்றைக்கு ஹன்னேயால் தன்னைத் துரத்த முடியாது. துக்க வீட்டுக் கதவு ஊருக்கே திறந்திருந்தது. ஒரு சொல், ஒரு திட்டு கிடைத்தால்கூடப் போதும் என்றிருந்தது. ஹன்னே தன் கையாலேயே காப்பி ஊற்றிக்கொண்டு வந்தாள். துக்க வீட்டுக் காப்பிக்குச் சர்க்கரை கிடையாது. வந்தவர்கள் அந்தக் கசப்பில் பங்கெடுப்பதுதான் முறை. தெக்லாவிடம் வந்ததும் ஹன்னே நின்றாள். கெட்டிலை வைத்துவிட்டு உள்ளே போனவள், தனியாக ஒரு கோப்பையோடு திரும்பினாள்.

“எடுத்துக்கோங்க.”

தெக்லா ஒரு வாய் குடித்தாள். பாகாகத் தித்தித்தது.

“ஹன்னே, இதுல...”

“சரியாத்தான் போட்டிருக்கேன். குடிங்க.” அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. “கடையில நல்ல கூட்டமாமே? சந்தோஷம்.”

பக்கத்திலிருந்த பெண்கள் கசப்பை உறிஞ்சியபடி தங்கள் கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெக்லா கடைசிச் சொட்டுவரை குடித்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் திரும்பி வந்தபோது மரத்தடியில் இரண்டு கார்கள் நின்றன. கரியை விசிறிக்கொண்டிருந்த ஷுக்ரி நிமிர்ந்தான்.

“என்ன சொன்னா?”

“காப்பி குடுத்தா.”

“பாத்தியா! கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. நீதான் கிடந்து உருகின.”

தெக்லா வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, மாவு பிசைய உட்கார்ந்தாள்.