மதகு வளைவில் அணைந்த விளக்கு

அடியோடு செத்துப்போன வண்டி என்றால் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாவியைத் திருப்பினால் மூச்சில்லை, ஹார்ன் இல்லை, ஒன்றும் இல்லை என்றால் அரை மணி நேரத்தில் வயரைக் கண்டுபிடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடலாம். என் உயிரை வாங்குவது விட்டுவிட்டு வருகிற கோளாறுதான். வண்டிக்காரன் ஓட்டும்போது வரும், நான் பார்க்கும்போது வராது. “நேத்துக்கூட வந்துச்சுங்க, சத்தியமா” என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். பதுளையில் இருபத்தைந்து வருஷமாக வண்டி வயரிங் வேலை செய்கிறேன். எனக்கு முன்கோபம் அதிகம் என்று என் மனைவி சொல்வாள். அவள் ஒரே ஒரு வருஷம் இந்தக் கடையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அந்தப் பெண் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் போகும் வரை ஓரமாகவே நின்றாள்.

“அண்ணே, பழைய ஜீப்பு ஒண்ணு இருக்கு. லைட்டு போயிட்டுப் போயிட்டு வருது. நீங்க வந்து பாக்கணும்.”

“வண்டிய இங்க கொண்டாரச் சொல்லுங்க தங்கச்சி.”

“யாரும் ஓட்ட மாட்டேங்கிறாங்கண்ணே.”

பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருக்கிறாளாம். தோட்டத்தில் கழித்துவிட்ட ஜீப்பை அவள் புருஷன் வாங்கி, மரக்கறி ஏற்றியும் நோயாளிகளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தும் பிழைத்தவர். ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு மாலை, பனி மூட்டத்தில், தோட்டத்துப் பாதையில் மதகு இருக்கிற வளைவில் ஜீப் திரும்பாமல் நேரே போய்த் தேயிலைச் சரிவில் விழுந்தது. ஜீப்புக்கு முன்பக்கம் நசுங்கியதோடு சரி. அவர் அங்கேயே போய்விட்டார். வண்டிக்குள் ஒரு சாராயப் போத்தல் உடைந்து கிடந்ததாம். ஊருக்கு வாசனையே போதுமே.

“குடிச்சிட்டு ஓட்டுனான்னு லயம் பூரா பேச்சு. காரியத்துக்கு வந்தவங்க எங்க வீட்டுத் தேத்தண்ணியக் குடிச்சிட்டே அதத்தான் பேசுனாங்க. அவரு குடிய விட்டு நாலு வருசம்ணே. அந்தப் போத்தல் வேற ஒருத்தவங்க வாங்கியாரச் சொன்னது. கேட்டா, நான் இல்லைன்னு சொல்லிட்டாங்க.”

பிறகு மருமகன் ஜீப்பை நிமிர்த்தி, தட்டிக் கொட்டி, புது பேட்டரி போட்டு எடுத்திருக்கிறான். அதே வளைவில் ஹார்ன் தானாக அடித்ததாம். அடுத்த நொடியே லைட் இரண்டும் போனதாம். இரண்டாவது முறையும் அதே இடத்தில், அதே மாதிரி. சாவியைக் கொண்டுவந்து மாமியார் கையில் கொடுத்துவிட்டு, இனி என் உயிர் உள்ளவரை அதைத் தொடமாட்டேன் என்று த்ரீவீலர் ஓட்டப் போய்விட்டான்.

“அந்த வளைவுல அவரு எப்பவும் ஹார்ன் அடிச்சிட்டுத்தான் திரும்புவாரு. இப்பவும் அவருதான் அடிக்கிறாருன்னு சொல்றாங்க. பேயின்னு சொல்லட்டும், பரவால்ல. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும்ணே. அன்னிக்குப் போனது லைட்டா, இல்ல அவரு புத்தியா?”

இந்தக் கேள்விக்கு என் கடையில் டெஸ்டர் கிடையாது. ஆனாலும் மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “வேதக்காரரு ஞாயித்துக்கிழமை மாதா கோயில் பூசைய முடிச்சிட்டுப் பேயோட்டப் போறாரு” என்றாள். பேயாவது பிசாசாவது, எங்கேயோ ஒரு எர்த் வயர் துருப்பிடித்திருக்கும் என்று கத்தினேன்.

பசறை பஸ்ஸில் ஏறி, இறங்கி, மலைப்பாதையில் நடந்து போய்ச் சேர மதியம் ஒரு மணி. லயத்தின் கடைசியில் தகரக் கொட்டகை. அதற்குள் ஜீப் நின்றது. முன்பக்கம் ஒரு கண் சற்றுக் கீழே பார்த்தபடி இருந்தது. நான் கொட்டகை வாசலில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து அவள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு எதிரே நின்றாள். வண்டியில் யாரும் இல்லை. வண்டிப் பக்கம்கூட யாரும் இல்லை.

ஹார்ன் அடித்தது.

நீளமாக இல்லை. வளைவில் எதிரே வருகிறவனுக்குச் சொல்வதற்காக அடிப்பார்களே, அந்த மாதிரி இரண்டு சின்னச் சத்தம். தேத்தண்ணி என் கால்சட்டையில் கொட்டியது. பக்கத்து வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். எனக்குப் பயம் வந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, நன்றாகவே வந்தது.

“அடிக்கடி அடிக்குமா?” என்று கேட்டேன்.

“குளிருல அடிக்கும். நான் வந்து நின்னா சில நேரம் நிக்கும்” என்றாள், புருஷன் இருமுவதைப் பற்றிச் சொல்கிறவள் போல.

பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வந்துவிடும். டெஸ்டர் பல்பை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குள் புகுந்தேன். பேட்டரி முனை சுத்தம். எர்த் வயர் சுத்தம், நான் கட்டினால்கூட அவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருக்க மாட்டேன். லைட் வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன், ஆட்டிப் பார்த்தேன், பானட்டைக் கையால் அறைந்துகூடப் பார்த்தேன். லைட் இரண்டும் கண் சிமிட்டாமல் எரிந்தன. ஹார்ன் வாயே திறக்கவில்லை. மீட்டர் பலகையை மட்டும் கழற்றவில்லை. அதன் ஸ்க்ரூக்கள் துருவேறி இறுகிக் கிடந்தன. எல்லாம்தான் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். சோம்பேறித்தனம், வேறென்ன.

மூன்றரை மணிக்கு மலையிலிருந்து மூட்டம் இறங்கியது. எங்கள் ஊவாப் பக்கத்து மூட்டம் சொல்லிக்கொண்டு வராது. தேயிலைச் செடி தெரிந்துகொண்டே இருக்கும், திடீரென்று தெரியாது. ஓட்டிப் பார்த்தால்தான் கதை விளங்கும் என்று சாவியைக் கேட்டேன். அவளும் ஏறி உட்கார்ந்தாள். வேண்டாம் தங்கச்சி என்றேன்.

“நீங்க தனியாப் போயிட்டு வந்து சொன்னா நான் எப்படிண்ணே நம்புறது?”

லைட்டைப் போட்டுக்கொண்டு இரண்டாம் கியரில் இறங்கினேன். லைட் போட்டும் முன்னால் பத்து அடி தெரிந்தது, அவ்வளவுதான். வழியெல்லாம் ஒன்றுமில்லை. கோயில் தாண்டினோம், கொழுந்து நிறுக்கும் மடுவம் தாண்டினோம், லைட் இரண்டும் ஒழுங்காக எரிந்தன. அவள் முன்கண்ணாடியைப் பார்க்காமல் என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“இந்தா வருது” என்றாள் மெதுவாக.

இடப்பக்கம் மலை. வலப்பக்கம் சரிவு. பாதை மதகின்மேல் ஒரு மேடேறி இறங்கிச் சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. சக்கரம் மேட்டில் ஏறிக் குதித்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். ஹார்ன் அடித்தது. என் உள்ளங்கை ஹார்ன் பட்டனுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது, அது எனக்கு நன்றாகத் தெரியும். மறு நொடி லைட் போனது.

இருட்டாகியிருந்தால்கூடப் பரவாயில்லை. இது வெள்ளை. முன்னால், பக்கத்தில், கண்ணுக்குள்ளே எல்லாம் ஒரே வெள்ளை. பாதை எந்தப் பக்கம் திரும்பியது என்பதே ஒரு கணம் மறந்துபோனது. யேசுவே என்று கத்திக்கொண்டு இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். ஜீப் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. எஞ்சின் அணைந்தது. மூட்டத்துக்குள் எங்கேயோ மதகில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. “இப்ப வந்துரும்ணே” என்றாள்.

பத்துப் பதினைந்து எண்ணுவதற்குள் லைட் இரண்டும் தானாகவே எரிந்தன. முன்சக்கரத்துக்கும் சரிவுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது.

ரிவர்ஸ் எடுத்து மலையோரமாக நிறுத்தினேன். அவள் இறங்கிப் போய்ச் சரிவைப் பார்த்து நின்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மீட்டர் பலகையின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக உடைத்தே எடுத்தேன். பலகை கையோடு வந்தது. டார்ச்சை உள்ளே அடித்தேன். பலகைக்குப் பின்னால் இருக்கும் தகர விளிம்பில், லைட் சுவிட்சின் முதுகில் சாய்ந்து, உள்ளங்கை அளவு செப்புத் தகடு ஒன்று நின்றது. கட்டம் கட்டி எழுத்து வெட்டி மந்திரித்துக் கொடுப்பார்களே, அது. மூலையில் காய்ந்த குங்குமம்.

ஒரு நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. பழைய வண்டியில் ஹார்ன் வயரின் முனை பாடியைத் தொட்டால் போதும், ஹார்ன் அடிக்கும். மேட்டில் குதித்து இடப்பக்கம் ஒடித்தால் தகடு வலப்பக்கம் சரிகிறது. முதலில் ஹார்ன் முனையைப் பாடியோடு சேர்க்கிறது. இன்னும் ஒரு விரல் சரிந்தால் லைட் முனையையும் சேர்க்கிறது. அந்தச் சுவிட்சுக்குள் இருக்கிற கட்அவுட் சூடானால் கரண்டைத் தானே விடும், ஆறினால் தானே பிடிக்கும். அதனால்தான் ஒரு பியூஸ்கூடப் போகவில்லை. தகட்டின் ஓரத்தில் கரிந்த புள்ளிகள் இருந்தன. கொட்டகையில் அடித்தது எலி ஓடித் தகடு அசைந்ததாலாக இருக்கும். எலிதான் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அவள் ஜன்னலோரம் வந்து நின்றிருந்தாள்.

“ஐயோ, இது இங்கதான் இருக்கா?” முகமெல்லாம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. “விழுந்ததுல எங்கயோ போயிருச்சுன்னு நெனச்சேன்ணே. நான்தான் வச்சேன். மழைக்காலம், வண்டிக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு பூசாரிகிட்ட மந்திரிச்சு வாங்கி, வெள்ளிக்கிழமை குளிச்சிட்டு அவருக்குத் தெரியாம சொருகி வச்சேன். தெரிஞ்சா கேலி பண்ணுவாரு. அதுக்கு மறுவாரம்தான் இப்படி ஆயிருச்சு.”

என் வாய்க்கு வந்த வார்த்தையை அப்படியே விழுங்கினேன். வாடிக்கைக்காரர்களிடம் இருபத்தைந்து வருஷமாகப் பொய் சொல்லிப் பழகிய நாக்கு, அன்றைக்குத்தான் உருப்படியாக வேலை செய்தது.

“உள்ள ஒரு வயர் தேஞ்சு கெடக்கு தங்கச்சி. வளைவுல ஒரசுது. அதான்.”

“அன்னிக்கும் அதுதானா?”

“அதேதான். லைட்டு போயிருச்சு. இந்த மூட்டத்துல யாரு ஓட்டியிருந்தாலும் விழுந்திருப்பாங்க. இப்ப நானே விழுந்திருப்பேன், பாத்தீங்கதானே.”

“அப்ப அவரு குடிக்கல.”

“குடிக்கல.”

அவள் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒன்றரை வருஷத்து அழுகை. நான் ஜீப்பைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் நின்றேன். எனக்கும் கண் கலங்கியது. கொஞ்ச நேரத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நாளைக்குக் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடி நிற்கும்போது சத்தம் போட்டுச் சொல்லப்போகிறேன், காரியத்துக்கு வந்து பேசினவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொல்லப்போகிறேன் என்றாள். சொல்லுங்க, நல்லாச் சொல்லுங்க என்றேன். என் வாழ்நாளில் ஒரு வேலையை இவ்வளவு திருப்தியாக முடித்ததில்லை என்று அந்த நிமிஷம் நினைத்தேன்.

வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து விட்டோம். மருமகனின் த்ரீவீலர் வாசலில் நின்றது. அவள் என் கையிலிருந்த தகட்டைக் காட்டினாள்.

“அண்ணே, கையோட அத இந்த த்ரீவீலருக்குள்ள வச்சுக் குடுத்துட்டுப் போங்களேன். மருமகனும் அதே வளைவுலதானே தெனம் வந்து போறாரு. என் புருசனுக்குத்தான் குடுத்து வைக்கல, மகளோட புருசனையாவது அது காப்பாத்தட்டும்.”

மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. அப்படியே வைக்கவும் என் கை வரவில்லை. பையிலிருந்து பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டை எடுத்து, தகட்டைச் சுற்றினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மேலே டேப். வயரே ஓடாத பின்சீட்டுக்கு அடியில் இடம் பார்த்தேன். வேலை செய்கிற கை பொய் சொல்லாது என்பதை அந்த நேரம் நான் யோசிக்கவில்லை.

“எதுக்குண்ணே ரப்பர் சுத்துறீங்க?”

டேப்பின் முனையைத் தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன். அவள் என் கையிலிருந்து அதை வாங்கினாள். டேப்பை உரித்தாள், ரப்பரைப் பிரித்தாள். தகட்டைத் திருப்பிக் கரிந்த புள்ளிகள்மேல் விரலை வைத்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை நிமிர்த்தவில்லை.

“அவரு குடிக்கலைன்னு நீங்க சொன்னது?”

“அது சத்தியம் தங்கச்சி.”

தலையை ஆட்டினாள்.

“வீட்டுல பழைய துணி எவ்வளவோ கெடந்துச்சுண்ணே” என்றாள். “ஒரு துணியில சுத்தி வச்சிருக்கலாம்.”